படிப்படியாகக் கூடும் வருத்தமும் நீண்டகால இயலாமைக் காப்புறுதியும்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவில் முதல் நிரந்தர வேலை கிடைத்ததும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கையேடு தருவார்கள். பல்லுக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு அதை அலுமாரியில் வைத்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். அதே கையேட்டின் கடைசிப் பக்கங்களில் நீண்டகால இயலாமைக் காப்புறுதி என்றொரு பகுதி இருக்கலாம். எல்.டி.டி. என்று சுருக்கியும் எழுதியிருப்பார்கள். வருத்தத்தால் மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கை, பெரும்பாலான திட்டங்களில் 60 முதல் 70 வீதம் வரை, மாதந்தோறும் தருவது இதுதான். பல திட்டங்களில் 65 வயது வரை கிடைக்கும்.

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் பல காலமாக இருக்கிறேன். விபத்தில் காலை முறித்துக்கொண்டவர்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிகின்றன. சிக்கிக்கொள்பவர்கள் மெல்ல மெல்லக் கூடும் வருத்தம் உள்ளவர்கள்: மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (மூளையையும் முதுகுத்தண்டு நரம்புகளையும் தாக்கும் வருத்தம்), பார்க்கின்சன், முடக்குவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம்), தசைநார்த் தேய்வு, நீரிழிவால் பழுதாகிக்கொண்டு போகும் சிறுநீரகம். கால் முறிந்ததற்கு ஒரு தேதி உண்டு. இவற்றுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. ஆனால் காப்புறுதிக் கொம்பனி கேட்கும் முதல் கேள்வியே "எந்த நாளிலிருந்து உங்களால் வேலை செய்ய முடியவில்லை?" என்பதுதான். அந்த நாளில் நீங்கள் எந்த வேலையில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளத்தில் இருந்தீர்கள் என்பதை வைத்தே மற்ற எல்லாம் கணக்கிடப்படும். ஆகவே இந்தக் காப்புறுதியைப் பற்றி உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம்

தற்காலிக வேலை முகவர் நிலையங்கள் ஊடாக வேலை செய்பவர்களுக்கு இந்தக் காப்புறுதி பெரும்பாலும் இருக்காது. நிரந்தர வேலை என்றாலும் எல்லா நிறுவனங்களிலும் கிடையாது. இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வேலைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலை வந்தால், மணிக்கு ஒரு டொலர் கூடக் கொடுக்கும் இடத்தைவிட இந்தக் காப்புறுதி உள்ள இடமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

தகுதி பெற்ற நாளிலிருந்து 31 நாட்களுக்குள் சேர்ந்துவிட்டால் பொதுவாக உடல்நலக் கேள்விகள் கேட்கமாட்டார்கள். கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அப்போது வேண்டாமென்று சொல்லிவிட்டு, வருத்தம் தெரியவந்த பிறகு சேரப் போனால் மருத்துவ விபரங்கள் கேட்பார்கள். மறுக்கவும் மறுப்பார்கள்.

ஏற்கெனவே வருத்தத்தோடு வந்திருப்பவர்கள் "எனக்கெல்லாம் இது கிடைக்காது" என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. பல திட்டங்களில் இருக்கும் விதி இப்படி: காப்புறுதி தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு வருத்தத்துக்காக வைத்தியரைப் பார்த்திருந்தாலோ மருந்து எடுத்திருந்தாலோ, தொடங்கி 12 மாதங்களுக்குள் அதே வருத்தத்தால் வேலை செய்ய முடியாமல் போனால் பணம் இல்லை. கால அளவு கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆனால் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டால் அதே வருத்தத்துக்கும் உரிமை உண்டு. இதனால்தான், வருத்தம் இருப்பது தெரிந்தவர்கள் வேலை மாறுமுன் பலமுறை யோசிக்க வேண்டும். புதிய வேலையில் இந்தக் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

கையேட்டில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது. 17 வாரம் அல்லது 26 வாரம் என்று இருப்பது வழக்கம். அந்த இடைவெளிக்கு நிறுவனத்தின் குறுகியகாலத் திட்டம் இருக்கலாம். இல்லையென்றால் மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில் நோய்க்கால உதவி இருக்கிறது. 2022 டிசம்பர் 18 முதல் அது 15 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூட்டப்பட்டிருக்கிறது. 600 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு ஊதியத்தில் 55 வீதம் கிடைக்கும். மற்றது கட்டுப்பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பது. முழுவதும் உங்கள் சம்பளத்தில் கழிக்கப்பட்டால் பின்னர் வரும் மாதப் பணத்துக்கு வருமான வரி இல்லை. முதலாளி ஒரு பகுதியைக் கட்டினாலும் வரி உண்டு.

வருத்தம் தலைகாட்டும்போது

நம்மவர்கள் அதிகம் இழப்பது இந்தக் கட்டத்தில்தான். காரணம் நம்முடைய பொறுமை. கை நடுங்குகிறது, கண் மங்குகிறது, பிற்பகலானால் தலை வேலை செய்வதில்லை. வேலைத்தலத்தில் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைகளின் கலியாணத்துக்குத் தடை வரும் என்ற பயம். சரி, நாளைக் குறைத்துக்கொள்வோம் என்று வாரம் ஐந்து நாளை மூன்று நாளாக்குகிறார்கள். பிறகு இலகுவான வேலை என்று சம்பளம் குறைந்த இடத்துக்கு மாறுகிறார்கள். கடைசியில் ஒரு நாள் தாங்களாகவே வேலையை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றும் ஆபத்து. வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை செய்தால்தான் காப்புறுதி என்று பல திட்டங்களில் ஒரு கீழெல்லை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் காப்புறுதியே போய்விடலாம். சம்பளம் குறைந்தால் மாதப் பணமும் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். வேலையை விட்டால் காப்புறுதியும் அன்றோடு முடியும். வைத்தியரோடும், முடிந்தால் ஒரு சட்டத்தரணியோடும் பேசாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். வேலை நேரத்தையோ பணியையோ மாற்றித் தரச் சொல்வதென்றால் அதை வைத்தியரின் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய கஷ்டம் வராத வரையில் அப்படி மாற்றித் தருவது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின்படி முதலாளியின் கடமை. 2025 ஜூன் 19 முதல், 13 வாரம் வேலை செய்தவர்களுக்குப் பாரிய வருத்தத்துக்காக 27 வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு எடுக்கும் உரிமையும் ஒன்ராறியோவில் வந்திருக்கிறது.

அடுத்தது வைத்தியர். கோரிக்கைக்கு மூன்று படிவங்கள்: உங்களுடையது, முதலாளியுடையது, வைத்தியருடையது. தீர்ப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். மரியாதைக்காக "நலமாக இருக்கிறேன் டொக்டர்" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வருவோம். அவர் கணினியில் நோயாளி நலமாக இருப்பதாகப் பதிவார். ஓராண்டு கழித்துக் காப்புறுதிக் கொம்பனி அந்தப் பதிவுகளை வரவழைத்து வரி வரியாகப் படிக்கும். வருத்தத்தின் பெயர் மட்டும் அவர்களுக்குப் போதாது. அதே வருத்தத்தோடு முழுநேர வேலை செய்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார்கள். உங்களால் எது முடிகிறது, எது முடியவில்லை, எவ்வளவு நேரம் முடிகிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒரு நாட்குறிப்பு. கணக்குப் பிரிவில் வேலை செய்த, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ள ஓர் அக்கா எழுதி வந்தது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "காலையில் சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் சென்றது. 11 மணிக்குத் திரையில் எண்கள் இரட்டையாகத் தெரிந்தன. ஒரே பில்லை இரண்டு தடவை பதிந்துவிட்டேன், மேற்பார்வையாளர் திருத்தினார். மதிய இடைவேளையில் காருக்குள் படுத்தேன். வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை, மகள் சமைத்தாள்." அவ்வளவுதான். புலம்பல் இல்லை, மிகைப்படுத்தல் இல்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் அதன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார், வைத்தியர் அதைக் கோப்பில் சேர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் வருத்தத்துக்கு இப்படிச் சேர்ந்த பக்கங்கள்தான் சாட்சி. ஆங்கிலம் தடையென்றால் தமிழில் எழுதிவிட்டுப் பிள்ளையிடம் மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

நல்ல நாட்களும் வரும். மல்டிபிள் ஸ்கிளரோசிசும் லூபசும் ஏறி இறங்கும் வருத்தங்கள். உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில் கோயில் தேருக்குப் போனீர்கள், சேலை உடுத்திச் சிரித்தபடி நின்ற படம் யாருடைய முகநூலிலோ ஏறிவிட்டது என்றால், அதைக் காட்டியும் கேள்வி கேட்பார்கள். சில சமயம் ஆளை வைத்து வீடியோவும் எடுப்பார்கள். சன் லைஃப் என்ற காப்புறுதிக் கொம்பனிக்கு எதிரான, ஃபிட்லர் எதிர் சன் லைஃப் என்ற வழக்கில் இதுதான் நடந்தது. வங்கியொன்றில் வரவேற்பாளராக இருந்த, நாட்பட்ட களைப்பு நோயும், உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் உள்ள பெண்ணுக்கு வீடியோவைக் காட்டிப் பணத்தை நிறுத்தினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போராடினார். வழக்கு விசாரணைக்கு வரும் தறுவாயில்தான் கொம்பனி பணத்தை மீண்டும் தர முன்வந்தது. அவருக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு 20,000 டொலர் கொடுக்க வேண்டும் என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தது. கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போய் வந்த மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்ததையும் நாட்குறிப்பில் எழுதுங்கள்.

24 மாதத்துக்குப் பிறகு

முதல் 24 மாதங்கள் பெரும்பாலும் உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். அதன் பிறகு கேள்வி மாறும்: உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்த வேலையையாவது செய்ய முடியுமா? பலருக்குப் பணம் நிற்பது இந்த இடத்தில். ஊரில் ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ இருந்துவிட்டு இங்கே தொழிற்சாலையில் நின்றவர்களிடம், இருந்து செய்யும் அலுவலக வேலை செய்யலாமே என்று பழைய படிப்பைக் காட்டுவார்கள். 20ஆவது மாதத்திலேயே சிறப்பு வைத்தியரிடம் புதிய அறிக்கை கேளுங்கள். களைப்பும் ஞாபகக் குறைவும் இருந்தால் அதற்கான பரிசோதனையையும் கேளுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் அவை தடை.

இதற்கிடையில் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை உதவிக்கும், அதாவது சி.பி.பி. உதவிக்கும், விண்ணப்பிக்கும்படி காப்புறுதிக் கொம்பனி கட்டாயப்படுத்தும். கடந்த ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் பங்களிப்புச் செய்திருக்க வேண்டும். வருத்தம் கடுமையானதாகவும் நீண்டு நிற்பதாகவும் இருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு நான்கு ஆண்டு என்பது பெரிய தடை. இந்தியாவுடன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2015 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், அங்கே வேலை செய்த காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துக் கேட்க இடமுண்டு. நம்மவர்கள் பலர் இடையில் வாழ்ந்த ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றோடும் உடன்படிக்கைகள் உண்டு. இலங்கையோடு இல்லை.

சி.பி.பி. பணத்தைக் காப்புறுதிக் கொம்பனி கழித்துக்கொள்ளும். உங்களுக்கு மாதம் 2,400 டொலர் என்று முடிவாகி, சி.பி.பி. 1,100 தருமானால், கொம்பனி தருவது 1,300 மட்டுமே. சி.பி.பி. தாமதமாக அங்கீகரிக்கப்பட்டால் கடந்துபோன மாதங்களுக்கான பணம் மொத்தமாக வங்கிக்கு வரும். அதை ஊரிலுள்ள தங்கையின் கலியாணத்துக்கு அனுப்பிவிட்டு, கொம்பனி திருப்பிக் கேட்கும்போது திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தொகை பெரும்பாலும் கொம்பனிக்கே போக வேண்டியது. கடிதம் வரும் வரை தொடாதீர்கள்.

தனியாக வாங்கும் காப்புறுதி

வீட்டுக்கு வரும் முகவர்கள் விற்பது பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியும் கடும்நோய்க் காப்புறுதியும்தான். கடும்நோய்க் காப்புறுதி பட்டியலிட்ட வருத்தம் வந்தால் ஒரு தடவை மொத்தப் பணம் தரும். மாதச் சம்பளத்துக்கு அது ஈடாகாது. சொந்தத் தொழில் செய்பவர்கள் இயலாமைக் காப்புறுதியை இளவயதில், வருத்தம் எதுவும் இல்லாதபோதே கேட்டு வாங்குவது நல்லது. "அண்ணா, சீனி வருத்தத்தை எழுதத் தேவையில்லை, யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று முகவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். கோரிக்கை வரும் நாளில் கட்டாயம் பார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். ஒன்றில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது: 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரபணுப் பரிசோதனை செய்யும்படியோ அதன் முடிவைத் தரும்படியோ யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மறுத்துவிட்டால்

முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள். அதே சமயம் கொம்பனிக்குள் முறையீட்டுக்கு மேல் முறையீடாக எழுதிக்கொண்டே காலத்தைக் கடத்தவும் வேண்டாம். ஒன்ராறியோவில் வழக்குப் போட பொதுவான காலக்கெடு 2 ஆண்டுகள். முறையீடு நடக்கிறது என்பதற்காக அது நின்று காத்திருக்கும் என்று நம்பாதீர்கள். இத்தகைய வழக்குகளைப் பல சட்டத்தரணிகள் வென்றால் மட்டும் பங்கு என்ற அடிப்படையில் எடுக்கிறார்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். தொழிற்சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள், சில இடங்களில் வழக்குக்குப் பதில் அவர்கள் வழியாகவே போக வேண்டியிருக்கும். சி.பி.பி. மறுத்தால் 90 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கும் மாகாண இயலாமை உதவிக்கும் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் கட்டணமின்றி உதவும். ரொறன்ரோவில் தெற்காசியச் சட்ட உதவி நிலையம் இருக்கிறது. 211 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

போகும்போது மறுப்புக் கடிதம், அனுப்பிய படிவங்களின் பிரதிகள், வைத்திய அறிக்கைகள், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். களைப்பில் நீங்கள் தவறவிடுவதை அவர் குறித்துக்கொள்வார்.