கையால் செய்த சிந்தசைசரை விற்பது எப்படி

கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் பழைய பாணி அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சுற்றிலேயே ஒலியை உருவாக்கும் இசைக்கருவி, செய்து விற்கிறேன். ஒற்றைக் குரல் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்), ஒலி அலையை எழுப்பும் ஒரு ஆசிலேட்டர், அந்த ஒலியைச் செதுக்கும் ஒரு ஃபில்டர், இரண்டு பக்கமும் தேக்குப் பலகை. 1982இல் வந்த ரோலண்ட் எஸ்எச்-101 சிந்தசைசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே இருப்பது புதிதாகத் தெரியாது. இப்போது நம் பிள்ளைகள் பலர் சர்க்யூட் போர்டு அடித்து, நாபுகள் நிற்கும் முகப்புத் தகடான பானலை வெட்டி, அருமையாகச் செய்துவிடுகிறார்கள். விற்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கருவியை வாங்குகிறவர் இருபது வருடம் வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறார். 1978இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் இன்றும் ஸ்டுடியோக்களில் ஓடுகிறதென்றால், அதைத் திறந்து பழுது பார்க்க முடிகிறது என்பதும் ஒரு காரணம். "இது கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?" என்பதுதான் வாங்குபவர் மனதில் இருக்கும் கேள்வி. நீங்கள் எழுதும் விளம்பரம், சொல்லும் விலை, கட்டும் பெட்டி எல்லாம் அதற்குப் பதிலாக இருக்க வேண்டும்.

விளம்பரம் போடும் முன் சுருதியைச் சரிபாருங்கள். அனலாக் ஆசிலேட்டர் வெப்பத்துக்கு ஏற்ப நகரும். கருவியை இருபது நிமிடம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு ஐந்து ஆக்டேவிலும் (ஸ்தாயியிலும்) ஒரே ஸ்வரத்தை அழுத்தி ட்யூனரில் பாருங்கள். ஒரு ஆக்டேவ் மேலே போக ஒரு வோல்ட் கூட வேண்டும் என்ற கணக்கு கீழே சரியாக இருந்து மேலே போகப் போக விலகினால், அந்தக் கணக்கைச் சரிசெய்யும் சின்னத் திருகான ஸ்கேல் ட்ரிம்மரைத் தொட வேண்டும். அதைத் திருப்பினால் கீழ் ஸ்வரமும் கொஞ்சம் நகரும், ஆகவே கீழும் மேலுமாக மாறி மாறிப் பார்க்க வேண்டும். சரியானதும் ட்ரிம்மரின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுவேன். கூரியர் வண்டியின் அதிர்வில் நகராது. பிறகு யாராவது திருப்பியிருந்தாலும் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்கும். மே மாத மத்தியானம் ஒருமுறை, ஏசி அறையில் ஒருமுறை என்று இரண்டு வெப்பநிலையிலும் எடுத்த அளவை விளம்பரத்தில் அப்படியே போடுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் அந்த இரண்டு வரியைப் படித்தே முடிவு செய்துவிடுவார்கள்.

உள்ளே என்ன ஐசி இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். சிஇஎம் 3340 என்ற ஆசிலேட்டர் ஐசி பல வருடம் கிடைக்காமல் இருந்து 2016இல் மறுபடி தயாரிப்புக்கு வந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் அதற்கு இணையாக ஏஎஸ் 3340 செய்கிறது. எதைப் போட்டிருக்கிறீர்கள், சாக்கெட்டில் செருகியதா நேரடியாகச் சால்டர் செய்ததா என்று எழுதினால், நாளைக்கு மாற்ற முடியும் என்ற தைரியம் வாங்குபவருக்கு வரும்.

பெயர் வைப்பதில் கவனம். ராபர்ட் மூக் (Moog) எடுத்த லேடர் ஃபில்டர் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, அந்தச் சர்க்யூட்டை யாரும் செய்யலாம். ஆனால் மூக், ரோலண்ட் என்ற பெயர்கள் அவரவர் வணிகக் குறி. "லேடர் வகை ஃபில்டர்" என்று எழுதுங்கள். அவர்கள் பெயரையோ எழுத்து வடிவத்தையோ பானலில் அச்சடிக்க வேண்டாம்.

அப்புறம் ஒலிப்பதிவு. ரிவெர்ப், டிலே எதுவும் போடாமல், சிந்தசைசரிலிருந்து நேரே ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு எடுங்கள். முதலில் சா டூத், ஸ்கொயர் அலைகள் தனித்தனியாக. பிறகு ஃபில்டரை மெதுவாக மூடித் திறப்பது. ஃபில்டர் ஒரு இடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை ஏற்றி அது தானே விசில் அடிக்கும் இடம் வரை போவது. நம் ஊர் ஆட்களுக்காக, ஸ்வரத்தை வழுக்க வைக்கும் போர்ட்டமென்டோ நாபைத் திருப்பி மாயாமாளவகௌளையில் ஒரு வரி வாசித்துப் போடுகிறேன். ஸ்வரம் வழுக்கிப் போய் நிற்கும் விதத்தைக் கேட்டுவிட்டே பலர் போன் செய்கிறார்கள். வீடியோவில் முகம் தேவையில்லை, நாபைத் திருப்பும் விரல் தெரிந்தால் போதும்.

நேரில் வருகிறவர்களைக் கருவியோடு தனியாக விடுங்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு புரோகிராமர் தம்பி முதலில் கேட்டது ப்ரீசெட்டை, அதாவது முன்பே பதிந்து வைத்த சத்தங்களைப் பற்றித்தான்: "அண்ணா, இதுல ப்ரீசெட் எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க தம்பி. நீங்க திருப்பி வெக்கறதுதான் சத்தம்."

முகம் சுருங்கியது. நான் டீ போடப் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஒரு பேஸ் லைனை மூன்று விதமாக மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நான் விளக்கிக்கொண்டே நின்றிருந்தால் அந்த விற்பனை நடந்திருக்காது. இந்தியாவில் இதற்கு ஆள் ஏது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தது 1969இல். இந்தச் சத்தம் நமக்கு அன்றே பழக்கம்.

விலைக்கு வருவோம். உதிரி 20,000 ரூபாய், வேலை 30 மணி நேரம், மணிக்கு 500 வீதம் 15,000 என்று வையுங்கள். பெரும்பாலானோர் 35,000 என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் கருவிக்கான செலவு, வீணாய்ப்போன பானல், கூரியர், வரி எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும். இந்த உதாரணத்தில் நான் 50,000க்குக் கீழே வரமாட்டேன். பெரிங்கரின் மாடல் டி போன்ற தொழிற்சாலைக் கருவிகளோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது, அந்த ஆசையே வேண்டாம். முன்பணம் பாதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதை முதல் சால்டர் வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நாம் பழகிய 60/40 சால்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஈயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியைப் போட்டு அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதும் செய்கிற நீங்கள்தான். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரி வாக்கில்தான் உருகும், கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். 230 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 12 வோல்ட் அடாப்டர் போதும், வெளிநாட்டுக்காரர் அதை அவர் ஊரிலேயே வாங்கிக்கொள்ளட்டும். அடாப்டர் செருகியின் அளவையும் அதன் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பானலின் பின்புறம் அச்சிடுங்கள். பக்கப் பலகைக்கு ஈட்டி மரம் வேண்டாம். அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள மரம். 2019இல் முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள் என்றாலும், சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிடத் தேக்கு நிம்மதி.

காகித வேலைக்கு, வெளிநாட்டு வணிகத்தைப் பார்க்கும் மத்திய அரசுத் துறையான டிஜிஎஃப்டியின் ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக்கான எண்) எடுங்கள், கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பில்லில் "எலக்ட்ரானிக் சாதனம்" என்று பொதுவாக எழுதாமல், மின் இசைக்கருவி, எச்எஸ் எண் (சுங்க வகைப்பாட்டு எண்) 9207 என்று எழுதுங்கள். அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்டில் போய்விட்டது. அங்கே வரி வரும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். "கிஃப்ட்னு போடுங்க" என்று கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லுங்கள். பொருள் தொலைந்தால் காட்டிய மதிப்புக்குத்தான் நஷ்டஈடு.

பெட்டி கட்டும்போது நாபுகள்தான் ஆபத்து. பபிள் ஷீட்டை நேரே சுற்றினால் மேலே விழும் எடை முழுக்க நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் தண்டில் இறங்கி, போர்டில் சால்டர் விட்டுப்போகும். தடிமனான ஃபோமில் நாபுகளுக்கு மட்டும் குழி வெட்டி, எடை பானல் மேல் உட்காரும்படி வையுங்கள். அதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலம் ஃபோம் விட்டு இன்னொரு பெட்டி. உள்ளே சிலிக்கா ஜெல். குளிர் நாட்டுக்குப் போகிறதென்றால், பெட்டியைத் திறந்து சில மணி நேரம் அறையில் வைத்த பிறகே சுவிட்சைப் போடச் சொல்லி ஒரு சீட்டை மேலாக வையுங்கள்.

கருவியோடு சர்க்யூட் வரைபடத்தை அச்சிட்டுக் கொடுங்கள். யாராவது காப்பி அடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். காப்பி அடிக்க நினைப்பவர் போர்டைப் பார்த்தே வரைந்துவிடுவார். வரைபடம் இல்லாமல் தவிக்கப்போவது பழுது பார்க்கிறவர்தான். ஒவ்வொரு கருவிக்கும் வரிசை எண் கொடுத்து, எந்த ஐசி, பவர் சப்ளை வோல்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் சுருதி சேர்த்தது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். நள்ளிரவில் யாராவது "சுருதி ஏறி ஏறிப் போகிறது" என்று செய்தி அனுப்பினால், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.