ஆற்றங்கரையிலேயே ஈ.கோலை எண்ணலாம்: பத்துக் குழாய், ஒரு 365 டார்ச்

குளிக்கும் நீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்தால் மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ கலந்திருக்கிறது என்று பொருள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் ஆறு மாறிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மழைக்குப்பின் சென் நதி கெட்டுப்போனதால் ஆண்கள் டிரையத்லான் ஒருநாள் தள்ளிப்போனது நினைவிருக்கலாம். கீழே உள்ள முறையும் நொடியில் விடை சொல்லாது. ஆனால் மோசமான நீரை முழு 24 மணி நேரம் காத்திராமலே காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்க வேண்டியவை

ஓஎன்பிஜி (கோலிஃபார்ம், அதாவது ஈ.கோலையும் சேர்ந்த பாக்டீரியா கூட்டம், இருந்தால் மஞ்சளாகும்), எம்யுஜி (ஈ.கோலை இருந்தால் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும்) இரண்டும் சேர்ந்த, 100 மி.லி. நீருக்கான ரீஏஜென்ட் பாக்கெட் 3. கிருமிநீக்கிய 15 மி.லி. மூடிக்குழாய் 11, 120 மி.லி. பாட்டில் 3, மாதிரி எடுக்க 250 மி.லி. பாட்டில் 1. 1 மி.லி. சிரிஞ்ச், தெர்மாகோல் பெட்டி, 12 வோல்ட் ஹீட்டிங் பேட், சூட்டைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ1209 தெர்மோஸ்டாட், தனி டிஜிட்டல் வெப்பமானி, புற ஊதா தடுக்கும் கண்ணாடி.

டார்ச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான 'யுவி' (புற ஊதா) டார்ச்களின் ஒளி அலைநீளம் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதன் ஊதா வெளிச்சமே மங்கலான நீல ஒளிர்வை மறைத்துவிடும். 365 என்று கேட்டு வாங்குங்கள்.

படி 1: பெட்டியைச் சூடாக்குதல்

கிளம்புமுன்பே 35 டிகிரி செல்சியஸில் வையுங்கள்; அரை டிகிரிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. குழாய்களை நீர் நிரப்பிய பாத்திரத்தில் நிறுத்தினால் சூடு சீராகப் பரவும். மீன்தொட்டி ஹீட்டர் வேண்டாம், பல 34ஐத் தாண்டாது. பேட் சராசரியாக 5 வாட் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தருவது 84தான், நடுராத்திரியில் அணைந்துவிடும்.

படி 2: மாதிரி எடுத்தல்

ஆட்கள் குளிக்கும் இடத்தில், சுமார் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே பாட்டிலைத் திறந்து நிரப்புங்கள். வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கியிருக்கட்டும். காலையில் எடுப்பது நல்லது. வெயில் ஏற ஏற பாக்டீரியா சாகும், மதிய நீர் சுத்தமானதுபோல் ஏமாற்றும். உடனே சோதிக்க முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில், இருட்டில் வையுங்கள்.

படி 3: கலத்தல்

டிஸ்டில்டு வாட்டரைக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். குழாய் நீர் வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மாதிரியை நன்றாகக் குலுக்கிய பிறகு:

1. முதல் பாட்டிலில் 99 மி.லி. டிஸ்டில்டு நீர், 1 மி.லி. ஆற்று நீர், ஒரு பாக்கெட். முழுதும் கரைந்ததும் 10 குழாய்களில் தலா 10 மி.லி. ஊற்றுங்கள்.
2. இரண்டாவதில் நீர்க்காத ஆற்று நீர் 100 மி.லி., ஒரு பாக்கெட். இது எச்சரிக்கை பாட்டில்.
3. மூன்றாவதில் வெறும் டிஸ்டில்டு நீர், ஒரு பாக்கெட். இதிலிருந்து 10 மி.லி.யை 11ஆவது குழாயில் ஊற்றி, ஒரு சொட்டு சாக்கடை நீர் விடுங்கள். பாட்டில் ஒளிரக் கூடாது, குழாய் ஒளிர வேண்டும். மாறி நடந்தால் அன்றைய சோதனை செல்லாது.

படி 4: எண்ணுதல்

குழாய்களையும் பாட்டில்களையும் சூடான பெட்டியில் வைத்து, 24 மணி நேரம் கழித்து இருட்டில் டார்ச் அடியுங்கள். ஈ.கோலையின் குளுக்குரோனிடேஸ் என்சைம் எம்யுஜியை உடைப்பதால் நீலம் தெரியும். மஞ்சளாகி ஒளிராத குழாயில் இருப்பது வேறு கோலிஃபார்ம், எண்ணாதீர்கள்.

100 மி.லி.க்கு ஈ.கோலை: 1 குழாய் ஒளிர்ந்தால் 110, 4க்கு 510, 5க்கு 690, 9க்கு 2,300, பத்தும் ஒளிர்ந்தால் அதற்கும் மேல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்குச் சொல்லும் மலக் கோலிஃபார்ம் அளவு: விரும்பத்தக்கது 500, உச்சம் 2,500. ஈ.கோலை அதில் ஒரு பகுதி மட்டுமே என்பதால், நம் எண் சற்றுக் குறைவாகவே காட்டும்.

இந்த எண்ணைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். 100 மி.லி.யில் 500 என்றால் நாம் எடுத்த 1 மி.லி.யில் ஐந்தே செல். நாலு குழாய் ஒளிர்ந்தால் உண்மை அளவு சுமார் 150 முதல் 1,300 வரை எங்கும் இருக்கலாம். ஒரே மாதிரியை மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது.

எச்சரிக்கை பாட்டில்

ஆறாவது மணியிலிருந்து மணிக்கொரு தடவை இதையும் மூன்றாவது பாட்டிலையும் அதே தூரத்தில், ஃபோன் கேமராவின் எக்ஸ்போஷரைப் பூட்டிப் படமெடுங்கள். எவ்வளவு ஒளிர்கிறது என்பதைவிட எப்போது ஒளிரத் தொடங்கியது என்பதே முக்கியம். செல்கள் 25 நிமிடத்துக்கொருமுறை இரட்டித்தால், பத்து மடங்கு அசுத்தமான நீர் ஏறக்குறைய 80 நிமிடம் முந்தி ஒளிரும். தொடங்கிய நேரத்தையும் அன்றைய குழாய்க் கணக்கையும் நோட்டில் சேர்த்து எழுதிவாருங்கள். போகப்போக உங்கள் படித்துறைக்கான அட்டவணை கிடைத்துவிடும். அடுத்த ஊர் ஆற்றுக்கு அது பொருந்தாது.

எங்கே தவறும்?

இலைதழை அழுகிய பழுப்பு நீர் தானாகவே லேசாக நீலம் காட்டும். ரீஏஜென்ட் போடாத அதே ஆற்று நீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சில பாட்டில்களின் பிளாஸ்டிக்கும் ஒளிரும்; காலியாக ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈ.கோலையிலேயே ஆபத்தான ஓ157:எச்7 வகை பெரும்பாலும் ஒளிராது, ஆகவே இது கழிவைக் காட்டும் சோதனையே தவிர குறிப்பிட்ட நோய்க்கிருமியைத் தேடுவதல்ல. கடல்நீருக்கு என்டரோகாக்கஸ் (இன்னொரு குடல் பாக்டீரியா) சோதனைதான் பொருத்தம்.

முடிந்தபின் குழாய்களைத் திறந்து சாக்கடையில் கொட்டாதீர்கள். உள்ளே இப்போது கோடிக்கணக்கில் இருக்கின்றன. மூடியைத் தளர்த்தி, சமையலுக்குப் பயன்படுத்தாத பிரஷர் குக்கரில் 30 நிமிடம் வைத்து, ஆறியபின் கொட்டுங்கள்.