ஊருணிக் கண்ணோடு அருவியைப் பார்க்காதீர்கள்

செட்டிநாட்டில் அருவி கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் சமதரைதான். கண்மாயும் ஊருணியும்தான் நம் தண்ணீர். அதனாலேயே அருவி என்றால் நமக்கு அப்படியொரு ஆசை. ஆனி பிறந்தால் வேன் பேசத் தொடங்கிவிடுவோம். குற்றாலம், கும்பக்கரை, சுருளி, கொல்லிமலை ஆகாய கங்கை என்று வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் இருக்கும். சின்ன வயதிலிருந்து இந்த வேன்களில் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாம் அங்கே செய்கிற தவறுகளில் பாதி, ஊருணியில் பழகிய கண்ணால் வருபவை.

ஊருணித் தண்ணீர் நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கும். எத்தனை படி இறங்கினால் இடுப்பளவு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நம்பிக்கையோடு அருவிக்கரையில் நின்று, தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறோம். 'நல்ல வெயில்தானே அடிக்குது, மழை எங்கே வரப்போகுது' என்று இறங்கிவிடுகிறோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பழைய வீட்டு முற்றத்தில் மழை கொட்டும்போது நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். நாலு பக்கத்து ஓட்டிலும் விழுகிற மழை சரிந்து மூலைக்கு வந்து, தகரக் குழாய் வழியாக முற்றத்தில் கொட்டும். பிள்ளைகள் அதன் கீழேதான் குளிக்க நிற்பார்கள். அது குழாய்க்கு நேர் மேலே பெய்த மழையா? கூரை முழுவதும் பெய்தது ஒரே வாயில் வந்து விழுகிறது. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். அருவிக்குப் பின்னால் நிற்கும் மலையும் அப்படியொரு கூரைதான். அதன் மறுகோடியில் என்ன பெய்கிறது என்று கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. கொடைக்கானல் மலைப்பகுதியில் மழை பெய்தால் கும்பக்கரையில் வெள்ளம் வரும். பெரியகுளத்தில் அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்த பிற்பகலில், மலைமேல் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மலையில் திரளும். அதனால் கோடையில் காலையிலேயே குளித்துவிட்டு ஏறிவிடுவது நல்லது. நம்மவர்களில் சிலரோ வழியில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டு, சரியாக இரண்டு மணிக்குப் போய் இறங்குவார்கள்.

வெள்ளம் சொல்லாமல் வருகிறது என்பார்கள். பல சமயம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ஒருமுறை கும்பக்கரையில் என் கால் பக்கத்தில் காய்ந்த சருகுகள் நாலைந்து மிதந்து வந்தன. அதுவரை பாறையின் வரி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர், கொஞ்சம் டீ நிறத்துக்கு மாறியது. பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். அவரைப் பார்த்து நாங்களும் ஏறினோம். வனக்காவலர் விசில் ஊதியது அதற்கப்புறம்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை சில நிமிடங்களில் தண்ணீருக்குள் போய்விட்டது. சருகு, சுள்ளி, கலங்கல், இரைச்சல் கனப்பது, தண்ணீர் திடீரென்று கூடுவது: இதில் எது தெரிந்தாலும் சோப்பு டப்பாவையும் துண்டையும் விட்டுவிட்டு ஏறுங்கள். ஓடை ஓடும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறவேண்டும்.

அடுத்தது, 'எனக்குத்தான் நீச்சல் தெரியுமே' என்பது. ஊருணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தியவர்கள்தான் அருவிக் கசத்தில், அதாவது அருவியடி ஆழப் பள்ளத்தில், துணிந்து குதிக்கிறார்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் நுரைக்கிறதே, அது முழுக்கக் காற்று. காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது. எவ்வளவு கையடித்தாலும் மேலே வருவது கடினம். அடியில் சுழல் இருக்கும், பாறை இடுக்கு இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாசி பிடித்த பாறையோ, நீந்தத் தெரிந்தவன் தெரியாதவன் என்று பார்ப்பதில்லை. வேட்டியும் சேலையும் நனைந்தால் காலைக் கட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குற்றாலம் பேரருவிக்குக் கீழே நின்று பழகியவர்கள் எல்லா அருவிக்கும் அப்படியே தலையைக் கொடுப்பார்கள். பேரருவி உயரத்திலிருந்து நேரே நம்மேல் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் சாதாரண நாளில் அங்கே நிற்க முடிகிறது. கொல்லிமலை ஆகாய கங்கையில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அதோடு கல்லோ கட்டையோ வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓரமாக, சிதறி விழும் இடத்தில் நின்றாலே குளிர்ந்துவிடும். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் வேறு. இறங்கும்போது தெரியாது. முழங்கால் வலியுள்ள அப்பத்தாவை உற்சாகத்தில் இறக்கிவிட்டு, ஏறும்போது ஆளுக்கொரு பக்கம் தாங்கி வருகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலேயே அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. பெரியவர்களை அங்கே அமர வைத்துவிட்டுப் போகலாம்.

காலக்கணக்கிலும் தவறுகிறோம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. குற்றாலச் சீசனைத் தருவது தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலோடு இருக்கும். பள்ளி விடுமுறை என்று ஏப்ரலில் போனால் பல வருடங்களில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். ஐப்பசியில் போனால் தண்ணீர் மிதமிஞ்சி, குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்லாடம்பட்டி அருவி கிட்டத்தில் இருக்கிறது என்று கிளம்புகிறவர்களும் உண்டு. மழை பெய்தால்தான் அங்கே தண்ணீர். கிளம்புவதற்கு முதல்நாள் அந்த ஊரில் யாரிடமாவது கேட்டுவிட்டு வண்டி எடுங்கள்.

தடை போட்டிருந்தால் 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், கால் மட்டும் நனைச்சுட்டுப் போறோம்' என்று காவலரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். காரைக்குடியிலிருந்து ஐந்து மணி நேரம் வந்தது மலைக்குத் தெரியாது.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லவேண்டும். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போவது குற்றாலத்தில் நெடுங்காலப் பழக்கம். அந்த எண்ணெய் பாறையில் படிந்து, அடுத்து வருகிறவரைச் சறுக்கிவிடுகிறது, ஆற்றுக்கும் கேடு. எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடையே விதித்திருக்கிறது. கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். எல்லோரும் வெறுங்காலில் நடக்கிற இடம் அது.

நகை போட்டுக்கொண்டு குளிக்காதீர்கள். தண்ணீர் அடிக்கிற அடியில் சங்கிலிக் கொக்கி கழன்றதே தெரியாது. பெண்கள் வேனிலேயே கழற்றிப் பூட்டிவைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் காவலுக்கு இருக்கலாம். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். சீப்புச்சீடை, தேன்குழல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். குற்றாலத்துக் குரங்குகள் மூடி திறக்கும் சத்தத்துக்கே வந்துவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் இறங்கவேண்டாம். அருவியில் குளித்து வந்தபின் எடுக்கிற பசிக்குத்தான் புளியோதரை ருசிக்கும்.

கடைசியாக ஓட்டுநர். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடியற்காலையில் குளித்து, அன்று மாலையே திரும்புவது நம் வழக்கம். நாம் வேனில் தூங்குவோம், அவர் எப்போது தூங்குவார்? நாம் குளிக்கிற நேரத்தில் அவர் படுக்க ஓர் அறை பேசிக் கொடுங்கள். அப்படி முடியாவிட்டால், வாரத்தில் சில நாட்கள் சிலம்பு எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகத் தென்காசிக்குப் போகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சீசனில் கிடைக்காது.