ஜோகன்னஸ்பர்க் குளிரில் இட்லி மாவு பொங்க

டர்பனின் கடலோர வெக்கையில், ஜனவரி மாதம் இரவு ஒன்பது மணிக்கு மூடி வைத்த மாவு விடியும்போது பாத்திரத்தை விட்டு வழிந்துகொண்டிருக்கும். அதே மாவை ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கில் அரைத்து வைத்தால் மறுநாள் மதியமும் வைத்தது வைத்தபடி கிடக்கும். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாவுக்கு வேண்டியது 28 முதல் 32 டிகிரிச் சூடு. இங்கே பல வீடுகளில் குளிர்கால இரவில் சமையலறை அதில் பாதிகூட இருக்காது.

முதலில் சாமான். ஃபோர்ட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் உள்ள இந்தியக் கடைகளில் தோல் நீக்கிய முழு உளுந்து கேளுங்கள். பழுப்பேறிய பழைய உளுந்து நுரைக்காது. இட்லி அரிசி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் டேஸ்டிக் அரிசியும் புழுங்கல் அரிசிதான். நீள அரிசி என்பதால் இட்லி கொஞ்சம் உதிரியாக வரும், அவ்வளவே. கால் கப் அவல் சேர்த்தால் அதுவும் சரியாகிவிடும்.

கிரைண்டர் இருந்தால் 4 கப் அரிசிக்கு 1 கப் உளுந்து. மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது, அதனால் 3 கப்புக்கு 1. ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை உளுந்தோடு ஊறப் போடுங்கள். அரிசி 6 மணி நேரம், உளுந்து 3 மணி நேரம். குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள்.

உளுந்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும் என்று அர்த்தம். அரிசி மெல்லிய ரவைப் பதம். அவலைப் பத்து நிமிடம் நனைத்து அரிசியோடு போடலாம். அரிசிக்கு மட்டும் வெந்நீர் கலந்து அரைப்பது குளிர்காலத் தந்திரம்: இரண்டையும் சேர்க்கும்போதே மாவு வெதுவெதுவென்று இருக்கும். கையால் நன்றாகக் கலக்குங்கள். உப்பு இப்போது வேண்டாம். அது புளிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பொங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இனிதான் முக்கியமான வேலை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். ஓவனை 50 டிகிரியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். மின்வெட்டு வந்தால் விளக்கும் போய்விடும் என்பதுதான் சிக்கல். அதற்கு 2008ல் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த, சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வொண்டர்பேக் பை கைகொடுக்கும். கறி வேகவைப்பதற்கென்று வந்த பை, மாவுக்கும் அதே வேலையைச் செய்யும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, பாத்திரத்தின் இருபுறமும் வைத்துப் பையை இறுக்கிக் கட்டுங்கள். காலையில் நீரை மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றிவிடாதீர்கள், மாவு 40 டிகிரியைத் தாண்டினால் பொங்காமலே புளிக்கும்.

12 முதல் 16 மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல், ஓரத்தில் கரண்டி விட்டு மெல்லத் தூக்கிப் பாருங்கள்: உள்ளே தேனடை மாதிரி துளைகள் தெரிந்து, புஸ்ஸென்று காற்று விட்டு மாவு இறங்கினால் தயார். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ படலம் தெரிந்தால் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஊற்றும்போது மாவைக் கலக்கிக் காற்றைப் போக்கிவிட வேண்டாம். அடுத்த கோளாறு இந்த ஊரின் உயரத்தால் வருவது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊரில் பத்து நிமிடத்தில் வெந்த இட்லிக்கு இங்கே 14, 15 நிமிடம் கொடுங்கள். நடுவில் பிசுபிசுப்பாக இருந்தால் மாவைத் திட்டாமல் இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. இறக்கி மூன்று நிமிடம் ஆறவிட்டுத்தான் கரண்டியால் எடுக்க வேண்டும். சாம்பாருக்குத் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயல வேண்டாம், குக்கரே வழி.

உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி மாவைத் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த வாரம் அரைக்கும் மாவில் அதைக் கலந்தால் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சம்.