வியட்நாம் கால ஃபேன்டம்: மாடலுக்கு நிறம் தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

வியட்நாம் போரில் பறந்த அமெரிக்கப் போர் விமானம் எஃப்-4 ஃபேன்டத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதுக்கு எந்தப் பச்சை அடிக்கணும்?" என்றுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் பொறுக்கட்டும். எந்த விமானம், எந்தத் தேதியில் இருந்தபடி செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த முடிவை எடுக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறந்ததால் வந்தவை.

அமெரிக்க விமானப்படையின் ராபின் ஓல்ட்ஸ் பெயரில் செய்யப்படும் ஃபேன்டத்தையே எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தின் உபோன் தளத்தில் 8ஆவது விங்குக்கு (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த படைப்பிரிவு) தளபதியாக இருந்தவர் அவர். 1967 ஜனவரி 2 அன்று நடந்த 'ஆபரேஷன் போலோ' அவரது புகழ்பெற்ற சண்டை. அவருடைய விமானம் என்றாலே 'ஸ்காட் 27' என்று எழுதிய, 64-0829 என்ற வரிசை எண் கொண்ட விமானம்தான் நினைவுக்கு வரும். அதனால் அதைச் செய்து, கீழே 'ஆபரேஷன் போலோ' என்று பலகை வைத்துவிடுகிறார்கள். ஆனால் போலோ அன்று அவர் ஓட்டியது 63-7680. 64-0829இல் பறந்து ஒரே நாளில் வடவியட்நாமின் இரண்டு மிக் போர் விமானங்களை வீழ்த்தியது அந்த ஆண்டு மே 20. மனிதர் ஒருவர்தான், விமானம் வேறு, மாதம் வேறு.

வீழ்த்திய மிக் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று விமானத்தின் பக்கத்தில் வரையும் சிவப்பு நட்சத்திரங்களும் இப்படித்தான் ஏமாற்றும். விமானப்படை விமானி ஸ்டீவ் ரிச்சி தன் முதல் மிக்கை 1972 மே 10 அன்று வீழ்த்தியது 66-7463 என்ற எஃப்-4டி ரக ஃபேன்டத்தில். அதே விமானத்தில்தான் ஆகஸ்ட் 28 அன்று ஐந்தாவதையும் வீழ்த்தினார். அந்த விமானத்தின் கணக்கு கடைசியில் ஆறு நட்சத்திரம். மாடலில் ஒட்டும் டீகால் தாளில் ஆறும் அச்சாகியிருக்கிறது என்பதற்காக, மே 10ஆம் தேதி விமானம் என்று சொல்லிக்கொண்டு ஆறையும் ஒட்டினால் தவறு. அன்றைக்கு ஆறு இருந்திருக்கவே முடியாது.

அருங்காட்சியகத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. படம் எடுங்கள், சக்கரக் குழிக்கும் குழாய்களுக்கும் அதைவிட நல்ல உதவி கிடையாது. ஆனால் வெளிப்பூச்சை நம்ப வேண்டாம். 1972 மே 10 அன்று கன்னிங்ஹாம், டிரிஸ்கால் இருவரும் பறந்த கடற்படை ஃபேன்டம் 'ஷோடைம் 100' அன்றே ஏவுகணை அடிபட்டு விழுந்துவிட்டது. இருவரும் குதித்துத் தப்பினார்கள், விமானம் போனது போனதுதான். ஆகவே எங்காவது 'ஷோடைம் 100' என்று ஒரு ஃபேன்டம் நின்றால், அது அந்த வேஷம் போட்ட இன்னொரு விமானம். பூசியவர் கையில் அன்று எந்த பெயின்ட் இருந்ததோ!

சரி, இப்போது நிறத்துக்கு வருவோம். தென்கிழக்கு ஆசியப் போருக்கான உருமறைப்பில் மேலே மூன்று நிறங்கள், எஃப்எஸ் என்ற அமெரிக்க அரசின் நிறத் தர எண்களில் சொன்னால்: 30219 பழுப்பு, 34102 பச்சை, 34079 கரும்பச்சை. அடியில் 36622 வெளிர் சாம்பல். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் பளபளப்பானது, 2 என்றால் பாதி, 3 என்றால் மங்கல். இரண்டாவது, நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 4 பச்சை, 6 சாம்பல். மீதி மூன்றும் ஏறக்குறைய வெளிச்சத்தின் வரிசை, எண் குறைந்தால் நிறம் கருக்கும். இது தெரிந்தால் கடற்படை விமானத்துக்கு 16440, 36440 என்று இரண்டு எண்களைப் பார்த்துக் குழம்ப மாட்டீர்கள். இரண்டும் ஒரே சாம்பல், ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல். எது உங்கள் விமானத்துக்கு என்பதைத் தேதிதான் சொல்லும். வியட்நாம் போரின் முற்பகுதியில் மங்கல், 1970களின் தொடக்கத்தில் பளபளப்பு.

காலம் தவறினால் முழு பூச்சும் தவறிவிடும். விமானப்படை ஃபேன்டங்கள் 1965இல் போருக்கு வந்தபோது கடற்படையைப் போலவே சாம்பலும் வெள்ளையுமாகத்தான் பறந்தன, பச்சையும் பழுப்பும் பிறகு வந்தவை. அடிப்பகுதிக்கும் அதே பச்சை, பழுப்பைச் சுற்றி அடித்தது இன்னும் பிந்தி, போர் முடிந்த பின்.

அந்த 36622இல்தான் நான் மாட்டிக்கொண்டேன். பழைய படங்களில் விமானத்தின் வயிறு வெள்ளையாகத் தெரிந்ததால் என் முதல் ஃபேன்டத்துக்கு வெள்ளையையே அடித்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்து, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் 36622 அடித்து ஜன்னலோரம் வைத்தேன். சாம்பல் கரண்டியைத் தனியாகப் பிடித்தால் வெள்ளை என்றே சொல்லத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பிடித்ததும், ஒன்று சுண்ணாம்பு, மற்றது ஈரம் காயாத சிமென்ட் பூச்சு மாதிரி பிரிந்து நின்றன. அதற்குப் பிறகு படத்தில் இறக்கையின் அடியிலுள்ள தேசியச் சின்னத்தைத் தேடுகிறேன். அந்தச் சின்னத்தின் நடுவிலுள்ள நட்சத்திரம் உண்மையான வெள்ளை. அதன் பக்கத்தில் வயிறு என்ன நிறமாகத் தெரிகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படச்சுருளின் குற்றத்தைப் பிடிக்கவும் அதே நட்சத்திரம்தான். எக்டாகுரோம் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்த பழைய ஸ்லைடுகள் பல நாளடைவில் சிவந்துபோயிருக்கின்றன. அதில் 30219 செங்கல் நிறமாகத் தெரியும். நட்சத்திரமும் இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் மாறியது படம், பெயின்ட் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் நிறத்தின் மீது சுட்டியை வைத்து எண் எடுத்து, அதை வைத்து பெயின்ட் கலப்பவர்களை இதற்காகவே தடுக்கிறேன். ஒரு கம்பெனி பெயின்டுக்கு இன்னொரு கம்பெனியில் ஈடு சொல்லும் அட்டவணைகளும் தோராயம்தான். வாங்கியதைப் பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்து, காய்ந்த பிறகு பாருங்கள்.

எந்தப் பிரிவின் விமானம் என்று காட்ட வாலில் எழுதும் இரண்டு எழுத்துகளை ஸ்குவாட்ரனின் நிரந்தர முகவரியாக நினைக்கக் கூடாது. 555ஆவது ஸ்குவாட்ரன் உபோனில் இருந்தபோது எஃப்ஒய், தாய்லாந்தின் இன்னொரு தளமான உடோர்னுக்கு மாறியதும் ஓஒய். 1970களில் விங் முழுவதற்கும் ஒரே எழுத்து என்று முறையே மாறியது, 8ஆவது விங்குக்கு டபிள்யூபி வந்தது அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலும் நமக்கு ஒரு பக்கப் படம்தான் கிடைக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி மறுபக்கத்திலும் வரைந்துவிடாதீர்கள். உருமறைப்பின் வளைவுகள் இரு பக்கமும் ஒன்றல்ல. விமானப்படையின் தொழில்நுட்ப ஆணை 1-1-4இல் அந்த வடிவம் வரைபடமாகவே இருக்கிறது. படம் இருக்கும் பக்கத்துக்குப் படத்தையும், இல்லாத பக்கத்துக்கு அந்த வரைபடத்தையும் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஏர்பிரஷ்ஷை எடுங்கள்.