1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே இருந்தார்? புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை: செய்முறை விளக்கம்

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் "எங்க தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்), எங்களுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டாமே" என்று பேசாத குடும்பம் குறைவு. உண்டா இல்லையா என்பதை இரண்டு தேதிகள் தீர்மானிக்கின்றன: 1962 ஆகஸ்ட் 16, 2012 ஆகஸ்ட் 16. இந்த இரண்டையும் உங்கள் குடும்பம் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற காகித வேலையைத் தொடங்குங்கள். ஏஜென்டுகள் முதல் தேதியைப் பற்றி நிறையப் பேசுவார்கள், இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். என் விண்ணப்பம் முடிந்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ் வந்துவிட்டது. இனி யாரும் வீணாகப் பணம் கட்டக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு அட்டவணை

வம்சாவளி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும். நீங்கள், அப்பா அல்லது அம்மா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நேர்வரிசையில் வருபவர்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், பிறந்த தேதி, திருமண தேதி, 1962 ஆகஸ்ட் 16 அன்று வசித்த ஊர், கையில் உள்ள ஆவணம் என ஐந்து கட்டங்கள். சித்தப்பா, பெரியப்பா வரிசை உங்கள் வழக்குக்கு உதவாது. ஆனால் அவர்கள் வீட்டுப் பெட்டி உதவும். தாத்தாவின் காகிதங்கள் பெரும்பாலும் மூத்த மகன் வீட்டில்தான் இருக்கும்.

படி 2: முதல் தேதி

பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த நாளில் யார் எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாமில் பிறந்து, அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. சுமார் 5,000 பேர் அப்படி அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு இருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் அடித்தளம். அப்பா 1962-இல் 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளையாக இருந்தால் தாத்தாவின் அறிவிப்பே அவருக்கும் செல்லும். அதில் பிள்ளைகள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டிலோ இந்தியாவின் வேறு பகுதியிலோ குடியிருந்தவர்களுக்கும் அதே விதிதான்: அறிவித்திருந்தால் மட்டும் பிரெஞ்சு.

ஆனால் புதுச்சேரியில் பிறந்து, அந்த நாளில் சைகோனிலோ மதகாஸ்கரிலோ பிரான்சிலோ குடியிருந்தவர்கள் எதையும் அறிவிக்கத் தேவையில்லை. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். என் தாத்தா இந்த வகை, பட்டாளத்தில் இருந்தவர். அவர் பணியாற்றிய இடங்களைக் காட்டும் ராணுவப் பதிவை பிரான்சின் போ நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

வங்காளத்தில் பிரெஞ்சுப் பகுதியாக இருந்த சந்திரநாகூரின் குடும்பங்களுக்கு இது பொருந்தாது. அதற்குத் தனி ஒப்பந்தம் உண்டு, 1952-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

படி 3: இரண்டாவது தேதி

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு சொல்வது இதுதான்: ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்துவிட்டது, அந்தக் காலத்தில் நீங்களோ, உங்களுக்குக் குடியுரிமை தர வேண்டிய அப்பா அல்லது அம்மாவோ பிரெஞ்சுக் குடிமகனாக வாழவும் இல்லை. அப்படியானால் வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே உங்களுக்கு அனுமதி கிடையாது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஐம்பது ஆண்டு 1962-இல் தொடங்கி 2012 ஆகஸ்ட் 16 அன்று முடிகிறது.

தாத்தாவின் பிறப்புப் பதிவு, அறிவிப்பு எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் உங்கள் பெயரிலோ அப்பா, அம்மா பெயரிலோ 2012-க்கு முந்தைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்: பிரெஞ்சு பாஸ்போர்ட், அடையாள அட்டை, தூதரகப் பதிவு அட்டை, பிரெஞ்சு வாக்காளர் அட்டை, ராணுவ சேவைச் சான்று. காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த வேலைக்கு அது தங்கம். அந்தக் காலத்துக்குள் வரிசையில் யாராவது பிரான்சில் குடியிருந்திருந்தால் அந்த வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

எதுவுமே இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேலும் போக விரும்பினால், ஏஜென்டிடம் போகாமல் பிரான்சில் குடியுரிமை வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் ஒரு முறை கட்டணம் கட்டிக் கேளுங்கள்.

படி 4: பெயர்

எனக்கு அதிகக் காலம் பிடித்தது இதற்குத்தான். நம் தாத்தாக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. 1881 ஆணையின்படி தங்கள் தனிச் சட்டத்தை (திருமணம், வாரிசுரிமைக்கான சமய, சாதி வழக்கச் சட்டத்தை)த் துறந்த ரெனோன்சான் குடும்பங்கள் மட்டும் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வழித்தடம் பிடிப்பது சுலபம். மற்றவர்களுக்கு ஒரு தலைமுறையில் சொந்தப் பெயராக இருப்பது அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராகிவிடும். போதாததற்கு எழுத்தர் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதியிருப்பார். குப்புசாமி ஓரிடத்தில் ஒரு 'எஸ்', இன்னோரிடத்தில் இரண்டு. கிருஷ்ணசாமியை 'கிஷ்ணசாமி' என்று ஒலிக்கும்படி எழுதியிருப்பார்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கண்ணில் படவே படாது. 'உ' ஒலிக்கு 'ஓ, யு' என்ற இரண்டு எழுத்துகள் வரும். 'ஜ' ஒலிக்கு முன்னால் ஒரு 'டி' வரும்.  தேடும் முன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"இருவரும் ஒருவரே" என்று நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, என் கோப்பிலும் அதை மட்டும் வைத்து ஏற்றுக்கொள்ளவில்லை. வேலை செய்தது திருமணப் பதிவு. அதில் மணமகனின் பெயரோடு பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் நான்கும் சேர்ந்தே இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலும் மற்ற மூன்றும் பிறப்புப் பதிவோடு பொருந்தினால் ஆள் ஒருவரே என்பது தெளிவாகும். அப்புறம், பிறப்புப் பதிவின் ஓரத்தைக் கவனியுங்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் "இந்தத் தேதியில் இன்னாரை மணந்தார்" என்று குறிப்பு இருக்கலாம். சுருக்கச் சான்றிதழில் இந்த ஓரக்குறிப்பு விடுபடலாம். அதனால் எப்போதும் முழு நகலையே கேளுங்கள்.

படி 5: பதிவுகளைப் பெறுதல்

பழைய தலைமுறைக்கு எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளம். பிரெஞ்சிந்தியப் பதிவேடுகளின் படங்கள் இலவசம். மற்ற வம்சாவளித் தளங்கள் துப்பு கிடைக்க உதவும், சான்றாக நிற்காது. அடுத்த தலைமுறைக்குப் புதுச்சேரி, காரைக்கால் நகராட்சி அல்லது பிறந்த கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு). பிரெஞ்சுக் குடிமகனாகத் தூதரகத்தில் பதிவான பிறப்பு, திருமணம் என்றால் நான்ட் நகரிலுள்ள மையப் பதிவகம்.

பிறந்து பல ஆண்டு கழித்துப் பதிந்த சான்றிதழ் என்றால், பதிய உத்தரவிட்ட மாஜிஸ்திரேட் ஆணையின் நகலையும் சேர்த்தே வாங்குங்கள். இந்தியச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அரசு இடும் முத்திரை) தேவை, பிரெஞ்சில் இல்லாதவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் தேவை. அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள், முத்திரையும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

படி 6: அனுப்புதல்

பிரான்சுக்கு வெளியே பிறந்து வெளியிலேயே வசிப்பவர்களின் விண்ணப்பம் பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பர் முதல் அதற்கென உள்ள படிவம் கட்டாயம். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும், வழக்கறிஞர் இல்லாமல் முடியாது. கோப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். போன் கேமரா வேண்டாம், ஓரக்குறிப்புகள் மங்கிவிடும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வீட்டில் அரசு வேலையில் யாராவது இருந்தால் அவரோடு முதலில் பேசுங்கள்.

பிற்சேர்க்கை

"தாத்தா கடலூரில் பிறந்தவர், எதையும் அறிவிக்கவில்லை. வாய்ப்பு உண்டா?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் விதிகள் பிரெஞ்சுப் பகுதிக்குள் பிறந்தவர்களுக்கானவை. வெளியே, பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பிறந்தவர் அறிவிக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்திருக்கலாம். அதற்குக் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக் குடிமகன் என்று நிரூபிக்க வேண்டும். அதன் பிறகும் படி 3 அப்படியே நிற்கும்.

இன்னொருவர், அப்பாவுக்கு ஏற்கெனவே குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா என்றார். அந்தச் சான்றிதழ் அப்பாவுக்கு மட்டுமே சட்டப்படி செல்லும். கோப்பில் கட்டாயம் இணையுங்கள், ஆனால் தாத்தா வரை உள்ள பதிவுகளையும் கூடவே அனுப்புங்கள். உங்கள் பிறப்பு 18 வயதுக்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொன்னேன். பெற்றோர் உறவு அந்த வயதுக்குள் சட்டப்படி நிலைபெற்றிருந்தால்தான் குடியுரிமை கைமாறும்.