அசல் பின்போல் இயந்திரமா, மறுதயாரிப்பா? மலையகத்தில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவிலும் எல்லவிலும் பண்டாரவளையிலும் விருந்தினர் விடுதி நடத்துவோரும், பழைய துரை பங்களாக்களைத் தங்குமிடமாக மாற்றியிருப்போரும், மழைநாளில் உள்ளேயே அடைபட்டிருக்கும் விருந்தினருக்காக சாய்ந்த தளத்தில் உலோகப் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் ஒரு பின்போல் விளையாட்டு இயந்திரம் வாங்க எண்ணும்போது முதலில் கேட்பது, அசலை வாங்குவதா மறுதயாரிப்பை வாங்குவதா என்பதே. பெரும்பாலானோர் பெயரையும் விலையையும் மட்டும் வைத்து இதற்கு விடை தேடுகிறார்கள். இயந்திரத்தின் இன்றைய நிலை, அது நிற்கப்போகும் அறை, பழுதானால் திறந்து பார்க்கக்கூடிய ஆள் ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுதயாரிப்பு என்றால் போலி என்று எண்ணி ஒதுக்குவது பரவலான தவறு. வில்லியம்ஸ், பாலி என்னும் பெயர்களில் 1990களின் சிறந்த இயந்திரங்களை வெளியிட்ட சிக்காகோ நிறுவனம் 1999 ஒக்டோபரில் பின்போல் தயாரிப்பையே கைவிட்டது. 1995இல் வந்த ‘அட்டாக் ஃப்ரம் மார்ஸ்’, 1997இல் வந்த ‘மெடீவல் மேட்னஸ்’, 1998இல் வந்த ‘மொன்ஸ்டர் பாஷ்’, ‘கக்டஸ் கென்யன்’ ஆகியவை அந்த இறுதிக் காலத்துப் படைப்புகள். மெடீவல் மேட்னஸ் 4,016 மட்டுமே செய்யப்பட்டது. கக்டஸ் கென்யன் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. தேடுவோர் பெருகி விலை ஏறிய நிலையில், சிக்காகோ கேமிங் என்னும் நிறுவனம் முறையாக உரிமம் பெற்று 2015இல் மெடீவல் மேட்னஸை மீண்டும் தயாரித்தது. மற்ற மூன்றும் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விளையாட்டுத் தளத்தின் அமைப்பும், சரிவுப் பாதைகளும், மெடீவல் மேட்னஸில் பந்து மோதி உடைக்கும் கோட்டையும், ஓசைகளும், புள்ளி விதிகளும் பழையபடியே இருக்கின்றன. மாறியது உட்புறம்: போர்ட்கள் எனப்படும் பழைய மின்சுற்றுப் பலகைகளின் இடத்தில் ஒரு சிறு கணினி அமர்ந்து அந்தப் பழைய நிரலையே இயக்குகிறது, இழை பல்புகளுக்குப் பதில் எல்இடி விளக்குகள் எரிகின்றன, செம்மஞ்சள் புள்ளித் திரைக்குப் பதில் வண்ணத் திரை ஒளிர்கிறது. கக்டஸ் கென்யனைப் பொறுத்தவரை, வடிவமைப்பாளர்கள் வேறு திட்டத்துக்கு மாற்றப்பட்டதால் அசலின் விதிகளே அரைகுறையாக நின்றுபோயின. அந்த விளையாட்டில் அசலை மட்டும் உயர்வாக வைத்துப் பேசுவது பொருந்தாது.

மறுபுறம், எந்தப் பழைய இயந்திரத்துக்கும் மறுதயாரிப்பு கிடைக்கும் என்று நம்பிக் காத்திருப்பதும் தவறே. அப்படி வந்தவை மிகச் சில. 1992இல் வந்த ‘அடம்ஸ் ஃபமிலி’ போன்றவற்றை விரும்புவோர் அசலைத்தான் தேட வேண்டும். ஆயினும் அது 20,270 வரை தயாரிக்கப்பட்டதால், அவசரப்படாமல் நல்ல நிலையிலுள்ள ஒன்றைத் தெரிந்தெடுக்க இடமிருக்கிறது.

‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்ற விற்பனையாளரின் சொல்லை அப்படியே ஏற்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் செலவு வைக்கும் தவறு என்பேன். புதுப்பித்தல் என்ற பெயரில் சிலர் பெட்டியின் பக்கங்களில் புதிய படத்தாளை ஒட்டி, ரப்பர் வளையங்களை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து அனுப்பிவிடுகிறார்கள். உண்மை நிலை, போர்ட்கள் இருக்கும் பின்பெட்டியை, அதாவது பின்புறம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியை, திறந்தால்தான் தெரியும். 1990களின் வில்லியம்ஸ், பாலி இயந்திரங்களில் அமைப்புகளையும் உச்சப் புள்ளிகளையும் நினைவில் வைத்திருக்க மூன்று சிறிய ஏஏ பற்றரிகள் முதன்மைப் போர்ட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் காரம் கசிந்து கீழே இறங்கும். பற்றரி பிடியின் உலோக நுனியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறதா, அதற்குக் கீழேயுள்ள ஐசி (மின்னணுச் சில்லு) தாங்கிகளின் கால்கள் மங்கிக் கறுத்திருக்கின்றனவா, செம்புக் கோடுகளின் மேலுள்ள பச்சைப் பூச்சு கொப்பளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் கடல் கடந்து வருவதாயின், இந்த இடத்தின் தெளிவான கிட்டப் படங்களைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. அடுத்துப் பார்க்க வேண்டியது தளத்துக்குப் பொதுவாக வெளிச்சம் தரும் விளக்குகளுக்கு மின்சாரம் செல்லும் இணைப்பிகள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருந்தால், அது பல காலம் சூட்டில் வெந்திருக்கிறது என்று பொருள். ஊசிகளையும் உறையையும் சேர்த்து மாற்றினால்தான் அது சரியாகும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் மறுபடியும் கருகும்.

விளையாட்டுத் தளத்தை மேலிருந்து பார்ப்பது போதாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்தால், விளக்குகளுக்கு மேலுள்ள வண்ண பிளாஸ்டிக் வில்லைகள் தாழ்ந்திருப்பதும், அவற்றின் ஓரத்தில் வர்ணம் மயிரிழையாக வெடித்திருப்பதும் நிழலில் தெரியும். மெடீவல் மேட்னஸாயின் கோட்டை வாசலின் முன்பகுதியும், பந்து அடித்துத் தள்ளப்படும் ஓடையின் வாயும் முதலில் தேயும் இடங்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய தளம் போட்டு, எல்இடி விளக்குகள் மாற்றி, வண்ணத் திரை பொருத்தி, போர்ட்களையும் புதிதாக வைத்த ஒரு மெடீவல் மேட்னஸ் அசலில் 1997க்குரியது என்ன மிஞ்சியிருக்கிறது? அதற்கு அசல் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கேட்கப்பட்டால், எவை பழையவை, எவை மாற்றப்பட்டவை என்று எழுத்தில் பட்டியல் கேட்பது வாங்குபவரின் உரிமை.

மறுதயாரிப்பு புதியது, ஆகவே பழுதாகாது என்று எண்ணுவோர் மலையகத்தில் விரைவிலேயே சங்கடப்படுவார்கள். பந்தை அடிக்கும் துடுப்புகளான பிளிப்பர்களின் கொயில்கள் (அவற்றை இயக்கும் கம்பிச்சுருள்கள்), இணைப்புத் துண்டுகள், ரப்பர்கள், இலக்குத் தகடுகள் இரண்டிலும் ஒரேவிதமாகத் தேய்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தவும் முடியும். மின்னணுப் பகுதியில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. அசலின் போர்ட்டில் ஒரு கொயில் இயங்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் டிஐபி 102 என்னும் சாதாரண டிரான்சிஸ்டராக இருக்கும். அதன் கால்கள் போர்ட்டின் துளைகளுக்குள் இறங்கி நிற்பதால், ஹட்டனிலோ பதுளையிலோ ரேடியோ, ரி.வி. திருத்தும் ஒருவர் சுற்றுப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு கையால் மாற்றிவிடலாம். இயந்திரத்தின் கையேட்டிலேயே சுற்றுப்படம் இருக்கிறது. மறுதயாரிப்பின் போர்ட்டிலோ மேற்பரப்பில் ஒட்டிய மிகச் சிறிய பாகங்கள் நிறைந்திருப்பதால், போர்ட் முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதே வழக்கமான தீர்வு. இரண்டின் போர்ட்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆகவே திறமையான ரி.வி. திருத்துநர் அருகிலிருப்பவருக்கு நல்ல அசல் ஒன்று நம்பகமான துணையாகலாம். அப்படி எவரும் இல்லாதவர் மறுதயாரிப்பை வாங்கி, உத்தரவாதத்தின் விவரங்களையும், போர்ட்டை அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சிறிய பின்போல் தயாரிப்பாளர்கள் தொழிலை மூடிவிட்டுப் போனதும் உண்டு என்பதால், முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டுவதில் நிதானம் வேண்டும்.

மின்சாரத்தைக் கவனிக்காமல் விடுவது ஒரே நாளில் இயந்திரத்தைக் கெடுக்கும். அமெரிக்காவில் விற்கப்பட்ட இயந்திரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானது; நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 1990களின் அசல்களில் மின்மாற்றியின் இணைப்புக் கம்பிகளை மாற்றியமைத்து நம் மின்னழுத்தத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அதோடு பெட்டியின் அடியிலுள்ள மின் உள்ளீட்டுப் பகுதியின் வெரிஸ்டரையும் (மின்னழுத்தம் மிகும்போது காக்கும் பாகம்) பியூஸையும் 230 வோல்ட்டுக்கு உரியவையாக மாற்றியாக வேண்டும். வெரிஸ்டரை மறந்தால் சுவிட்சைப் போட்டவுடன் பியூஸ் போகும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட அசல் ஏற்கெனவே 230 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும் என்பதால், நிலை சமமாயின் நான் அதையே தெரிவேன். மறுதயாரிப்பாயினும் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகக் கூடாது. நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்காக உள்ளனவா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது இங்கு மிக அவசியம், ஏனெனில் பழைய பங்களாக்களின் வயரிங்கில் நில இணைப்பு பெயரளவில் மட்டும் இருப்பதுண்டு. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை தொடங்கும்போது செருகியைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

ஈரப்பதன் எந்த வகையையும் விட்டுவைப்பதில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையும் அறைக்குள் வரை ஈரத்தைக் கொண்டுவருகின்றன. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவுக் குளிரில் உறைந்த உலோகத்தின்மேல் காலைச் சூட்டில் நீர் கோத்துக்கொள்கிறது. துருவேறிய பந்து அரத்தாளைப்போல் தளத்தை உராய்ந்து, சில வாரங்களிலேயே பூச்சைக் கெடுத்துவிடும். ஆகவே பந்துகளை அடிக்கடி எடுத்துத் துடைத்து, புள்ளி விழுந்தவற்றைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி இயந்திரத்தை வைப்பது, சீசன் முடிந்ததும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி மாதக்கணக்கில் விடுவது ஆகிய இரண்டும் தவிர்க்க வேண்டியவை. பருத்தித் துணியால் மூடி, நாள்தோறும் சிறிது நேரம் மின்சாரத்தில் வைத்தாலே உட்புறம் உலர்ந்திருக்கும்.

ஒரே ஒரு அசலை எங்கோ விளையாடிப் பார்த்து, அசல்கள் எல்லாம் மந்தமானவை என்று முடிவு கட்டுவதும், அதே முறையில் மறுதயாரிப்பை மட்டமாகப் பேசுவதும் நியாயமற்றவை. தளத்தின் சாய்வு ஏறத்தாழ 6.5 பாகை இருக்க வேண்டும். பழைய பங்களாவின் பலகைத் தளம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் எந்த இயந்திரமும் கோணலாகவே ஆடும். கால்களின் அடியிலுள்ள திருகுகளை ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, பிளிப்பர் பாகங்களைப் புதுப்பித்த பிறகே இரண்டையும் ஒப்பிடலாம்.

விலையைப் பொறுத்தவரை, வெளிநாட்டு விற்பனை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. சுங்க வகைப்பாட்டில் இவ்வியந்திரங்கள் 9504 என்னும் தலைப்பில் அடங்குகின்றன. அதற்குரிய தீர்வையையும், பாவித்த பொருளாக வரும் அசலுக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்பதையும், இலங்கைச் சுங்கத்திலும் இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுத் திணைக்களத்திலும் பணம் அனுப்புவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். கொழும்பிலிருந்து கினிகத்தேனை வழியாகவோ றம்பொடை வளைவுகள் வழியாகவோ லொறியில் ஏற்றி வரும்போது, பந்துகளை வெளியே எடுத்து, பின்பெட்டியை மடித்துக் கட்டி, கால்களைக் கழற்றி வைக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைப் பங்களாப் படிகளில் ஏற்ற நான்கு பேராவது தேவை. இயந்திரத்துக்கு ஓடர் கொடுக்கும் அதே நேரத்தில், ஒரு செட் ரப்பர் வளையங்கள், பிளிப்பர் பாகங்கள், இரண்டு கொயில்கள், புதிய பந்துகள், ஒவ்வொரு அளவிலும் சில பியூஸ்கள், அசலாயின் பற்றரிகளைப் போர்ட்டிலிருந்து விலக்கி வைக்க உதவும் வயர் நீண்ட பிடி ஒன்று ஆகியவற்றையும் சேர்த்தே கேட்டால், அவற்றுக்காகத் தனித்தனியாகக் கப்பல் கூலியும் சுங்கக் காத்திருப்பும் ஏற்படாது.